நின்றால் நிற்குமா? – ஹிரோஷிமா, நாகசாகி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள். ஹிரோஷிமா

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பெருங்கூட்டம். அமைதிப் பேரணிக்கு வந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். விசாரித்தால், டிராம் பார்க்க வந்தவர்களாம். தெருவோடு ஓடிக்கொண்டிருந்த டிராமை நேற்று முதல் மேலே ஏற்றி, நிலையத்தின் இரண்டாம் தளத்துக்குள்ளேயே (நம் கணக்கில் முதல் மாடி) கொண்டுவந்துவிட்டார்கள். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். ஒரு டிராமுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றேன். "குண்டு விழுந்த மூணாவது நாளே இது ஓட ஆரம்பிச்சிருச்சுக்கா. அன்னைக்கு அடிபட்ட வண்டிகள்ல 651, 652ன்னு ரெண்டு இன்னமும் இருக்கு" என்றான் தம்பி.

தம்பி என்றால் கூடப் பிறந்தவனில்லை, தோழியின் தம்பி. இங்கே ஆராய்ச்சி மாணவன். ஜப்பானிய மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஹிரோஷிமாவில் இருக்கும் வரை அவன்தான் எனக்கு வாயும் காதும்.

ஒரு கேள்விக்கு விடை தேடி வந்தேன் என்று சொன்னால் நாடகத்தனமாக இருக்கும். சேர்ந்து கிடந்த விடுப்பும் மலிவாக அமைந்த டிக்கெட்டும்தான் பாதிக் காரணம். ஆனால் கேள்வி ஒன்று உண்டு. 2008 அக்டோபரில் ஈழத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லிச் சென்னையில் மனிதச் சங்கிலி நடந்தது. கொட்டுகிற மழை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் வலது கையைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் குளிரில் விறைத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஏழு மாதம் எங்கெங்கோ நின்றோம். மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து எந்தப் போருக்கு எதிராக யார் கூப்பிட்டாலும் நான் போனதில்லை. "நாம நின்னா அது நின்னுடுமா?" என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவேன். கேட்பதற்கு புத்திசாலித்தனமாக இருக்கும், வேலையும் மிச்சம்.

சாயங்காலம், அணுகுண்டில் சிதைந்தும் விழாமல் நிற்கும் குவிமாடத்துக்குப் போனோம். 1915ல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்த கண்காட்சிக் கூடம் அது. குண்டு கிட்டத்தட்ட நேர் மேலே வெடித்ததால் சுவர்கள் பக்கவாட்டில் சாயாமல் நின்றுவிட்டன. இடித்துத் தள்ளிவிடலாம் என்று பேச்சு அடிபட்ட காலத்தில் அதைக் காப்பாற்றியதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. ரத்தப் புற்றுநோயில் இறந்துபோன ஒரு மாணவி இந்தக் கட்டடத்தைப் பற்றித் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவர்கள் தெருத்தெருவாகக் கையெழுத்தும் காசும் திரட்டினார்கள். 1966ல் நகர மன்றம் பாதுகாப்பதாகத் தீர்மானம் போட்டது.

குவிமாடத்துக்கு எதிரே ஏழெட்டுப் பேர் அட்டை பிடித்து நின்றார்கள். கோஷம் இல்லை, மைக் இல்லை. 2023 அக்டோபரில் காஸாவுக்காகத் தொடங்கியதாம்; அன்றாடம் மாலையில் யாராவது வந்து நிற்கிறார்கள். சூடானுக்கு ஒரே ஒரு அட்டை இருந்தது, உக்ரைனுக்கு ஒன்று. ஓரத்தில் நின்ற அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அட்டையில் 'காஸாவில் கொல்லப்பட்டவர்கள்' என்ற எழுத்து நிரந்தரம். எண் மட்டும் தனித் தாளில், மேலே இரண்டு கிளிப். போன வாரம்தான் 60,000ஐத் தாண்டியது என்பதால் புதுத் தாள். பழைய தாள்களையும் தூக்கிப் போடாமல் அடியில் வைத்திருக்கிறார். புரட்டிக் காட்டினார். பின்னால் போகப் போக எண் குறைந்துகொண்டே வந்தது. ஆக அடியில் இருந்த தாள் எப்போதோ மழையில் நனைந்து மை ஊறிப்போயிருந்தது. அதில் என்ன எண் என்று அவருக்கே தெரியவில்லை.

தம்பியிடம் என் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். "அக்கா, தமிழ்ல கேட்டா நல்லா இருக்கு. இவங்க பாஷையில மனுஷன் நிக்கிறதுக்கு ஒரு சொல்லு, சண்டை நிக்கிறதுக்கு வேற சொல்லு" என்று தலையைச் சொறிந்தான். எப்படியோ கேட்டுவிட்டான். அந்த அம்மா சிரித்தார். அதே கேள்வியை 1962லேயே ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாளாம்.

மோரிதாகி இச்சிரோ என்று ஒரு பேராசிரியர், ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் அறவியல் நடத்தியவர். குண்டு வெடித்த அன்று வலது கண் போய்விட்டது. 1962ல் அமெரிக்காவும் சோவியத்தும் மாற்றி மாற்றி அணுகுண்டு சோதனை நடத்தியபோது வேலையை விட்டுவிட்டு நினைவிடத்தின் முன்னால் 12 நாள் உட்கார்ந்தார். அப்போது ஒரு சிறுமி அவர் முன்னால் இங்கும் அங்கும் நடந்தபடி, இப்படி உட்கார்ந்திருந்தால் நின்றுவிடப் போகிறதா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவரை அது தூங்கவிடவில்லை. அணுகுண்டுக்குள் ஒரு அணு பிளந்து அடுத்ததைப் பிளந்துகொண்டே போவதுதான் தொடர்வினை. மனங்களின் தொடர்வினை பருப்பொருளின் தொடர்வினையை வென்றாக வேண்டும் என்று பிறகு அவர் ஒரு பதிலை எழுதினார். இங்கே புகழ்பெற்ற வாக்கியம். எனக்கென்னவோ அது பேராசிரியர் சொன்ன பதிலாகத்தான் படுகிறது. கேள்வி கேட்டவள்தான் என் கட்சி.

அடுத்த ஆண்டே, 1963ல், காற்று மண்டலத்தில் சோதனை கூடாது என்று வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டன. அவர் உட்கார்ந்ததாலா? அந்த அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. தரைக்கடியில் சோதனை தொடர்ந்தது. 1973லிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் மோரிதாகியும் கூட்டாளிகளும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். 1994ல் இறக்கும் வரை நூற்றுக்கணக்கான தடவை உட்கார்ந்திருப்பார்.

"உங்கள் பதில் என்ன?" என்றேன். தெரியாது, நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவேன் என்றார். பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். தம்பிக்கு நேரமாகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். தம்பிக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில் என்றால் வெயில். இன்று இசேசாகி என்ற ஊரில் 41.8 டிகிரி, ஜப்பானில் இதுவரை பதிவானதிலேயே அதிகம். இங்கே அவ்வளவு இல்லை. ஆனாலும் புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

காலையில் சதாகோ சிலையில் காகிதக் கொக்குகளைச் சேர்த்துவிட்டு வந்தேன். சதாகோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வயதில் குண்டுக்குத் தப்பி, பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் போன பெண். மருத்துவமனைப் படுக்கையில் காகிதக் கொக்குகளை மடித்துக்கொண்டே இருந்தவள். தெரியாத பாதி என்னவென்றால், அந்தச் சிலையை நிறுவியது அரசாங்கம் இல்லை. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிவைத்து, நாடெங்கும் மாணவர்கள் காசு சேர்த்து, 1958 மே 5 அன்று திறந்தார்கள். என் அக்கா மகள் 1,000 மடிப்பதாகச் சொல்லி 217ல் நிறுத்திக்கொண்டாள். பரீட்சை வந்துவிட்டதாம். பெட்டியில் நசுங்கிப் பாதி கொக்கு, பாதி காகிதமாக வந்து சேர்ந்தன. சிலையைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டுகள். அவற்றில் வண்ண வண்ணமாகச் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி கொக்குகள், எடையில் 10 டன் வருகின்றனவாம். நசுங்கிய 217ஐ ஓரமாக மாட்டிவிட்டு, பதிவேட்டில் அவள் பெயரைத் தமிழில் எழுதினேன்.

பூங்காவுக்குள்ளேயே ஆமையின் முதுகில் நிற்கும் ஒரு கல்தூண் இருக்கிறது. கொரியர்களுக்கான நினைவுச் சின்னம். கொரியா ஜப்பானின் காலனியாக இருந்தபோது வேலைக்கென்று கொண்டுவரப்பட்டும், பிழைக்க வழி தேடி வந்தும் இங்கே இருந்த பல்லாயிரம் பேர் அந்தக் குண்டில் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 5 அன்று அவர்களுக்கென்று தனியாக அஞ்சலி. வெள்ளைக் கொரிய உடையில் பாட்டிமார்கள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். 1970ல் இந்தத் தூணை நட்டபோது பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நட முடிந்தது. 1999ல்தான் உள்ளே வந்தது. அமைதிக்காகவே கட்டிய பூங்கா, பெயரிலேயே அமைதி. அதற்குள் வர ஒரு கல்லுக்கு 29 வருடம் பிடித்திருக்கிறது.

தம்பி இதை ஆச்சரியமாகச் சொன்னான். எனக்கு ஆச்சரியமில்லை. சுடுகாட்டைக்கூட ஊருக்கொன்று, சேரிக்கொன்று என்று பிரித்து வைத்திருக்கும் மண்ணிலிருந்து வந்தவள்தானே.

சாயங்காலம் குவிமாடம் பக்கம் போகவில்லை. வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். ஐந்திலிருந்து ஒன்பது வரை பூங்கா முழுவதும் கட்டுப்பாடு: பை சோதனை, பதாகை கூடாது, ஒலிபெருக்கி கூடாது, வாசகம் எழுதிய தலைப்பட்டைகூடக் கூடாது. எனக்கு முன்னால் நின்ற ஒரு தாத்தா நெற்றியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆரவாரமில்லாமல் அஞ்சலி நடக்க வேண்டும் என்பது நகராட்சி சொல்லும் நியாயம். போர் வேண்டாம் என்று எழுதிய துணி எந்த அஞ்சலியைக் கெடுத்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. அந்தத் தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. துணியின் ஒரு முனை மட்டும் பைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

120 நாடுகள், பிரதேசங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். நாங்கள் மர நிழலில், பின்னால். 8:15க்கு மணி அடித்தது. ஒரு நிமிடம். இதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. சிள்வண்டுகள் மட்டும் கத்தின. அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

நினைவிடத்தின் வளைவுக்கு அடியில் ஒரு கல்பெட்டி. குண்டால் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் அதற்குள் இருக்கின்றன. கடந்த ஓராண்டில் இறந்துபோனவர்களையும் சேர்த்து இன்றோடு 3,49,246 பெயர்கள். பெட்டியின் முகப்பில் ஒரு வாசகம். தம்பி சொல்லுக்குச் சொல் விளக்கினான்: அமைதியாகத் துயிலுங்கள், தவறு மறுபடி செய்யப்படாது, அதனால். யார் செய்ய மாட்டார்கள்? அதுதான் ஜப்பானிய மொழியில் இல்லை. எழுவாயே கிடையாது. 1952ல் இங்கே வந்த நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பால் இதைத்தான் பிடித்துக்கொண்டார். குண்டு போட்டது ஜப்பானியர் இல்லையே, பிறகு யாருடைய தவறு, யார் மன்னிப்பு கேட்கிறார்கள் என்று கேட்டார். பெரிய விவாதமாகிவிட்டது. மனிதகுலம் முழுவதும்தான் எழுவாய் என்று வாசகத்தை எழுதிய பேராசிரியர் பதில் சொன்னார்.

புல்தரையில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். தமிழிலும் எழுவாயை விட்டுவிடலாம்தான், ஆனால் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'செய்ய மாட்டோம்' என்று எழுதினால் அந்த 'ஓம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அந்த ஓமுக்குள் நாமா, நாங்களா என்று அடுத்த சண்டை. 'தவறு மீண்டும் நிகழாது' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அது அதிகாரிகள் அறிக்கை விடுகிற தமிழ்.

பேச்சுகளில் ஹிரோஷிமா மாகாண ஆளுநருடையது காதில் விழுந்தது. அணு ஆயுதம் வைத்திருந்தால் எதிரி அஞ்சுவான் என்பது மனிதர் மண்டைக்குள் கட்டிய ஒரு கற்பனைதான், புவியீர்ப்பு விதி மாதிரி இயற்கை உண்மை இல்லை என்றார். பிரதமர் தன் உரையில் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் பெயரையே எடுக்கவில்லை. 2017ல் நிறைவேறி, 2021ல் அமலுக்கு வந்த ஒப்பந்தம் அது. தலையில் குண்டு வாங்கிய நாடும் இன்னும் சேரவில்லை, குண்டு வைத்திருக்கும் நம் நாடும் சேரவில்லை.

இரவு மோதோயாசு ஆற்றில் காகித விளக்குகள் விட்டார்கள். வரிசையில் நின்றபோது குவிமாடத்துக்கு முன்னால் அந்த அம்மா தெரிந்தார். கையில் அட்டை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு தலையசைத்தார். நான் கையாட்டினேன். என் விளக்கில் 'முள்ளிவாய்க்கால்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அது நான்கடி போவதற்குள் இன்னொரு விளக்கில் முட்டி, படிக்கட்டு ஓரமாகவே ஒதுங்கி நின்றுவிட்டது. ஒரு தொண்டர் நீளக் கழியால் மெல்லத் தள்ளிவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அருங்காட்சியகம். கட்டணம் 200 யென். கருகிய டிபன் பாக்ஸைப் பற்றியோ மூன்று சக்கர சைக்கிளைப் பற்றியோ எழுதப் போவதில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கிழக்குக் கட்டடத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் மணி தெரியாது, நாள் தெரியும். மேலே, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து எத்தனை நாள்: 29,221. அதற்குக் கீழே, உலகத்தில் கடைசியாக அணு ஆயுதச் சோதனை நடந்து எத்தனை நாள். ஏதாவது ஒரு நாடு சோதனை நடத்தியதாகச் செய்தி வந்தால் கீழ் எண்ணைப் பழையபடி ஆரம்பத்திலிருந்து ஓட விடுவார்கள். முழு வெடிப்பு இல்லாத சோதனையையும் விடுவதில்லை. கீழ் எண் மூன்று இலக்கத்தில்தான் நின்றது.

எனக்கு நெஞ்சில் குத்தியது கடிதங்கள். 1968லிருந்து, எந்த நாடு சோதனை நடத்தினாலும் ஹிரோஷிமா மேயர் அந்த நாட்டுத் தலைவருக்குக் கண்டனம் அனுப்புகிறார். இதுவரை 600க்கு மேல் போயிருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேண்டுகோள் ஒன்றேதான், பெயர் மட்டும் மாறும். இப்படி ஒரு பட்டியல் இருந்தால் 1998 மே மாதமும் அதில் இருக்கத்தானே வேண்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, கோடை விடுமுறை. பொக்ரானில் நம் நாடு அணுகுண்டு சோதித்த செய்தி வந்த அன்று தெருமுனையில் வெடி வெடித்தார்கள், வந்தவர் போனவர்க்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். நானும் போய் இரண்டு வாங்கினேன். ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றைத் தாளில் மடித்துப் பாட்டிக்குக் கொண்டுபோனேன். பாட்டி, "எதுக்குடி லட்டு?" என்றாள். "குண்டு வெடிச்சிருச்சு பாட்டி" என்றேன். பதறிப்போய் "எங்கடி, யாருக்கென்ன ஆச்சு?" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

மதியம் ஒருவர் பேசக் கேட்டோம். ஹிபாகுஷா, அதாவது குண்டுக்குத் தப்பியவர்கள், இப்போது 99,130 பேர். இந்த ஆண்டுதான் முதல்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறார்கள். சராசரி வயது 86. அதனால் 2012லிருந்து நகராட்சி வேறு ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. ஒரு தப்பியவரின் கதையை அவரிடமே உட்கார்ந்து கற்று, அவருக்குப் பதிலாகச் சொல்கிறவர்கள். இன்று பேசியவர் நடுவயதுப் பெண். நடுவில் ஒரு இடத்தில் 'அவர்' என்பதற்குப் பதில் 'நான்' என்று சொல்லிவிட்டார். உடனே நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, திருத்திக்கொண்டு தொடர்ந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. ரயிலில்

தம்பி நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டான். "நாகசாகில பேச்சுக்கு என்னக்கா பண்ணுவீங்க?" என்றான். கை இருக்கிறதே என்றேன்.

கடலுக்கடியில் ஒரு சுரங்கம், அது முடிந்த கொஞ்ச நேரத்தில் கோகுரா. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது குண்டு விழ வேண்டிய இடம் இதுதான். விமானம் மூன்று முறை சுற்றிப் பார்த்தது. மேகமும் புகையும் மறைத்துக்கொண்டதால் இலக்கு தெரியாமல் நாகசாகிக்குத் திரும்பியது. ரயில் நின்றது. ஒரு அம்மா கைக்குழந்தையோடு இறங்கினார், இரண்டு மாணவர்கள் ஏறினார்கள், ரயில் கிளம்பியது. அவ்வளவுதான் கோகுரா.

ரயிலில் சுகினாமி பற்றிப் படித்துக்கொண்டு வந்தேன். அணுகுண்டு விழுந்த கையோடு ஜப்பான் முழுவதும் பொங்கி எழுந்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. 1952 வரை அமெரிக்க ஆக்கிரமிப்பு, தணிக்கை. தப்பியவர்கள் வாயைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. மீனில் கதிர்வீச்சு என்று செய்தி பரவி, சந்தையில் மீன் வாங்க ஆளில்லை. டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் மீன்கடைக்காரர் ஒருவரின் மனைவி எழுந்து, இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அங்கிருந்த பெண்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டுக்குள் 3 கோடிக்கு மேல். அதன் வேகத்தில்தான் 1955ல் ஹிரோஷிமாவில் உலக மாநாடு கூடியது. அதற்கடுத்த ஆண்டு நாகசாகியில் தப்பியவர்கள் கூடி நிஹோன் ஹிதாங்க்யோ அமைப்பைத் தொடங்கினார்கள். 2024ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது அவர்கள்தான். பரிசுச் செய்தி வந்த அன்று அவர்களுடைய தலைவர்களில் ஒருவர், காஸாவில் ரத்தம் வழியும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் 80 ஆண்டுகளுக்கு முந்தைய ஜப்பான் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அழுதார்.

ஆக, பத்து வருடம் பூட்டிக் கிடந்த வாயைத் திறந்துவிட்டது விற்காத மீன்.

ஆகஸ்ட் 9, சனி. நாகசாகி

காலையிலிருந்தே அடைமழை. பூங்காவில் நடக்கும் அரசு விழாவுக்குப் போகவில்லை. உராகாமி தேவாலயத்துக்குப் போனேன். போன ஆண்டு இஸ்ரேலை அழைக்கவில்லை என்பதற்காக ஜப்பான் நீங்கலான ஜி7 நாடுகளின் தூதர்கள் நாகசாகி விழாவுக்கு வரவில்லை. இந்த ஆண்டு ரஷ்யா உட்பட எல்லாருக்கும் அழைப்பு. எது சரி? குண்டு போடுகிறவர்கள் வந்து இதைப் பார்க்கட்டும் என்று ஒரு மனம். பார்த்துவிட்டுப் போய் மறுபடி போடுவார்கள், எதற்கு நாற்காலி என்று இன்னொரு மனம்.

உராகாமி, நூற்றாண்டுக்கணக்கில் ஒளிந்து மறைந்து கும்பிட்ட கத்தோலிக்கர்களின் ஊர். தேவாலயத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் குண்டு வெடித்தது. இந்தப் பங்கைச் சேர்ந்த 12,000 பேரில் 8,500 பேர் இறந்தார்கள். கோபுர மணிகள் இரண்டில் ஒன்று உடைந்தது, ஒன்று தப்பியது. தப்பிய மணி மட்டும் தனியாகவே அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மணிக்காக இப்போது காசு சேர்த்தவர்கள் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள். இதை முன்னின்று செய்தவர் ஒரு பேராசிரியர். அவருடைய தாத்தா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் மருத்துவராக இருந்தவர். எந்த அரசும் இதில் இல்லை.

பத்தரைக்கு மேல் மழை மெல்லக் குறைந்தது. 11:02க்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றேவிட்டது. குடைகள் மடங்கும் சத்தம் சுற்றிலும். அப்புறம் மணி. பழைய மணி எது, புது மணி எது என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே தாளத்தில் விழவில்லை. ஒன்று முடிக்கும் முன் மற்றது குறுக்கே புகுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் ஒற்றை மணியை மட்டுமே எத்தனை வருடம் கேட்டவரோ. நான் அவரைப் பார்த்தது தெரிந்ததும், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடி மழை. ரயில்கள் நிற்கலாம் என்று பேச்சு, அதனால் மதிய வண்டியை விட்டுவிட்டு முந்தைய வண்டிக்கு மாற்றிக்கொண்டேன். ஓடிவந்தால் நிலையத்தின் கூரைக்கடியில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கையில் அட்டைப் பலகை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பேனா. அணு ஆயுத ஒழிப்புக்குக் கையெழுத்து. 2001லிருந்து நாகசாகியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஞாயிறுதோறும் வாங்குகிறார்கள். சேர்ந்ததை ஆண்டுதோறும் ஜெனீவாவில் ஐ.நா.விடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களுடைய கோஷமும் ஒரு சொல்விளையாட்டுதான். 'பிர்யோகு' என்றால் சிறு சக்தி, 'முர்யோகு' என்றால் சக்தியின்மை. முதலாவதுதான் நாங்கள், இரண்டாவது இல்லை என்கிறார்கள். தம்பி இருந்திருந்தால் சிரித்திருப்பான்.

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எனக்குப் பலகையை நீட்டினாள். திக்கித் திக்கி ஆங்கிலத்தில், எந்த நாடு என்று கேட்டாள். இந்தியா என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "1998" என்றாள். எனக்குக் காது சுட்டது. அவள் குற்றம் சொல்லவில்லை. மாணவத் தூதர்களை ஐ.நா.வுக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கியதே அந்த ஆண்டுதானாம். இந்தியாவும் பாகிஸ்தானும் வெடித்ததைக் கேட்டு நாகசாகி மக்கள் இரண்டு பிள்ளைகளை அனுப்பினார்களாம். அதன் தொடர்ச்சிதான் நாங்கள் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பழைய பாடப் புத்தகத்தில் படித்ததைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவள் பிறக்கவே இல்லை அப்போது. நான் லட்டு தின்றதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று தெரியாமல், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தாள் ஈரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது. தமிழ் எழுத்தின் சுழிகள் பரவிக் கறுப்புப் பொட்டுகளாகிவிட்டன.

பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது, பதாகையின் ஒரு முனையைப் பிடித்திருந்த பையன் அவளிடம் அவசரமாக ஏதோ சொன்னான். அவள் என்னைப் பார்த்து, ஐந்து விரலைக் காட்டி, கழிவறைப் பக்கம் கைகாட்டினாள். ஐந்து நிமிடம். பதாகையின் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து நிமிடம் பன்னிரண்டு ஆனது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் நின்று முழுவதும் படித்துவிட்டுப் போடாமல் போனார். மழைச்சாரல் அடித்துப் பதாகை கனத்தது. கயிறு விரலில் அறுத்தது. பையன் ஓடிவந்து தலைவணங்கினான். முனையை அவன் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு நடைமேடைக்கு ஓடினேன்.